பிப்ரவரிக்கு ஒரு படம்

நான் தென்காசிக்காரன். எங்கள் பக்கத்தில் அருவி என்றால் தலையில் விழுவது. எண்ணெய் தேய்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் முண்டி உள்ளே போய், பிடரியில் தண்ணீர் அறையக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பது. குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை போயிருந்தும், அருவியை நின்று பார்த்ததாக நினைவில்லை. அப்படிப்பட்டவனைத்தான் முதலாளி ஒரு நாள் விடியற்காலையில் பக்கியில் ஏற்றிக்கொண்டு போய் ஹோவிக் அருவிக்கு எதிரில் இறக்கிவிட்டார். பக்கி என்றால் பின்னால் திறந்திருக்கும் சின்ன வண்டி. தென்னாப்பிரிக்காவில் பாதிப் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

முதலாளிக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஸ்டூடியோ. கல்யாணம், பிறந்தநாள், கோயில் விசேஷம் என்று அவருக்கு வேலை ஓயாது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. முதலாளிக்குத் தமிழ் புரியும், பேச வராது. என்னிடம் பேசும் ஆங்கிலத்தில் ‘தம்பி’ என்ற ஒரு சொல் மட்டும் அப்படியே நிற்கும்.

வேலை இதுதான். ஒரு கோயில் சபைக்குத் தமிழ் மாதக் கணக்கோடு காலண்டர் வேண்டும். படம் சாமிப் படமாக இருக்கக் கூடாது. ‘நம்ம ஊர்ப் படம்’ பன்னிரண்டு வேண்டும் என்றார்கள். நம்ம ஊர் என்றால் டூசி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரும் அதன் சுற்றுப்புறமும். ஜூலு மக்கள் ம்சுன்டூசி என்கிற ஆற்றை ஊர்க்காரர்கள் டூசி என்று சுருக்கிவிட்டார்கள்.

ஹோவிக் இங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, உம்கெனி ஆற்றின் மேல் இருக்கிறது. அருவி 95 மீட்டர். அதைப் பார்க்க மலை ஏற வேண்டாம், காட்டுக்குள் நடக்க வேண்டாம். ஊருக்குள்ளேயே தெரு முடிகிற இடத்தில் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம் பூமி இல்லை. எதிரே பாறைச் சுவரில் தண்ணீர் ஒரே வீச்சாக இறங்குகிறது. குற்றாலப் பேரருவியாவது நடுவில் பொங்குமாகடலில் விழுந்து வேகம் தணிந்து வரும். இதற்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

நான் ட்ரைபாடைப் போட்டேன். என்.டி. ஃபில்டர் மாட்டி வெளிச்சத்தைக் குறைத்து, ஷட்டரை 2 நொடிக்குத் திறந்து வைத்தேன். பட்டு விரித்தது மாதிரி வந்தது. எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், கற்றதும் அதுதான். திருப்தியாகத் திரும்பினேன்.

சபையில் படம் தேர்வு செய்ய ஓர் ஆயா இருந்தார். எண்பது தாண்டியவர். பாட்டியை இங்கே ஆயா என்பார்கள். அந்தக் காலத்தில் கோயில் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர், இன்றைக்கும் விடவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"இது என்ன தம்பி, யாரோ பால் கொட்டின மாதிரி? அருவி எங்கே?"

"இதுதான் ஆயா."

"நான் சின்னப் பிள்ளையில் போவேன். அது இவ்வளவு சின்னதா இருக்காது."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் மரமோ மனிதனோ இல்லாமல், தண்ணீரையும் வழவழவென்று ஆக்கிவிட்டால், 95 மீட்டரும் ஒன்பதரை மீட்டரும் படத்தில் ஒன்றுதான். உயரத்தை நானே தின்றிருக்கிறேன்.

மறுவாரம் தனியாகப் போனேன். உடனே எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்தேன். அருவித் தண்ணீர் ஒரே மாதிரி விழுவதில்லை. விளிம்பில் திரண்டு, கட்டி கட்டியாகப் பிரிந்து இறங்கும். ஒரு கட்டியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. 2 நொடி ஷட்டரில் நான் அழித்தது அந்தக் கட்டிகளைத்தான். அப்புறம் ஷட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நொடியில் 500-இல் ஒரு பங்கில் தண்ணீர் உறைந்து ஜல்லி கொட்டியது மாதிரி ஆனது. 15-இல் ஒரு பங்கில் சரியாக வந்தது. கட்டியும் தெரிந்தது, அது கீழே போவதும் தெரிந்தது. தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் அடியிலிருக்கும் ஆட்களைத் தேடினேன்.

இருந்தார்கள். குளத்தின் ஓரத்தில் வெள்ளைத் துணி போர்த்திய நாலைந்து பேர், கையில் மெழுகுவத்தி. அந்தக் குளத்தில் இன்கன்யாம்பா என்ற பெரிய பாம்பு குடியிருப்பதாக ஜூலு மக்கள் சொல்வார்கள். சங்கோமா என்னும் சாமியாடிகள் அங்கே வந்து முன்னோரைக் கும்பிடுவதும் உண்டு. படத்துக்கு அளவு காட்ட அதைவிட நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். விரல் பொத்தானில்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் சாமி வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே எவனோ ஃப்ளாஷ் அடித்தால் எனக்கு எப்படி எரியும் என்று தெரியும். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் போன பிறகு, சிவப்பு ஜெர்கின் போட்ட ஒரு பையன் பாறையில் வந்து நின்று செல்போனில் தன்னையே எடுத்துக்கொண்டான். அவன் புண்ணியம், படத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக இருக்கிறான். ஆயா அதைப் பார்த்ததும், "ஆங், இது" என்றார்.

அதிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் ஆளைத் தேட ஆரம்பித்தேன். நகர மண்டபம் முழுக்கச் செங்கல். 1898-இல் எரிந்துபோன பழைய கட்டடத்துக்குப் பதிலாக 1901-இல் எழுப்பியது. வைடு லென்ஸில் எடுத்தால் கோபுரம் மல்லாந்து விழப் போவது மாதிரி சாயும். அதனால் டாத்தம் கலைக்கூடம் வரைக்கும் பின்வாங்கி, ரோபோட்டில் நின்ற கூட்டம் தெருவைக் கடக்கும்போது எடுத்தேன். (ரோபோட் என்றால் சிக்னல் விளக்கு. முதல் மாதம் நானும் விழித்தேன்.) லாங்மார்க்கெட் என்று முன்பு பெயர் இருந்த தெருக் கோயிலில் பெரிய வெள்ளி அன்று தீ மிதிப்பார்கள். அங்கே ஆளுக்கா பஞ்சம்?

ஹோவிக் பக்கத்தில் மண்டேலா 1962 ஆகஸ்ட் 5-இல் பிடிபட்ட சாலையோரம் கொஞ்சம் சிக்கல் செய்தது. அங்கே 50 எஃகுத் தூண்கள். 35 மீட்டர் தள்ளி, குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்றால்தான் அவை சேர்ந்து மண்டேலா முகமாகும். இரண்டடி விலகினால் வெறும் கம்பிகள். எல்லாரும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். அந்தச் சிலையைச் செய்தவர் நம் வேலையையும் சேர்த்தே முடித்துவிட்டார்.

ரயில் நிலையத்துக்கு ஆயாவையே அழைத்துப் போனேன். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட நிலையம். காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு நடைமேடை, ஒரு பலகை. நாங்கள் போனதும் ஜூன்தான், நல்ல குளிர். ஆயா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த விதத்தில் அந்த இரவு கொஞ்சம் தெரிந்தது. அதை எடுத்தேன்.

திரும்பும் வழியில் பர்கர் தெருவில் பழைய சிறைக்கு வெளியே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வள்ளியம்மையை அடைச்சு வெச்ச ஊர் தம்பி இது. அதை எடுக்கலையே நீ."

தில்லையாடி வள்ளியம்மை எனக்குப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். காந்தியின் 1913 போராட்டத்தில் மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் போய்விட்டாள். சுவரை நாலு பக்கமும் எடுத்தேன். ஒரு படமும் தேறவில்லை. சுவர் சுவராகத்தான் இருந்தது, நிறுத்துவதற்கு ஆளில்லை.

சபையில் பிப்ரவரிக்கு டூசி படகுப் போட்டிப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதையும் குறை சொல்ல முடியாது. இங்கிருந்து டர்பன் வரைக்கும் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாள். பாறை வந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் படத்தில் சேறும் வேர்வையுமாக இரண்டு பேர், அருமையாக வந்திருந்தது. ஆயா வாதாடவில்லை. "22-ஆம் தேதிக் கட்டத்துலே பேரை மட்டும் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

காலண்டர் வந்தது டிசம்பர் கடைசி வாரம். அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் கணினியில் எழுத்து குலைந்து, முன்னால் நிற்க வேண்டிய கொம்புகள் எல்லாம் பின்னால் போய் நின்றன. தை, சித்திரை, வைகாசி எதுவும் தப்பவில்லை. கடைசிச் சரிபார்ப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்; அன்றைக்கு லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு, லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. மறுபடி அச்சடிக்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

"மாசப் பேரை விடு, ஜனங்க புரிஞ்சுக்குவாங்க" என்றார் ஆயா. "இவ பேரை விடக் கூடாது."

கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். 300 பிரதிகள். நான் பிப்ரவரியைப் புரட்டி, வள்ளியம்மையின் கடைசி எழுத்தில் ஒயிட்னர் வைத்து, காய்ந்ததும் அவர் பக்கம் தள்ளினேன். ஆயா கறுப்புப் பேனாவால், நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மை என்று எழுதினார். இருபதுக்கு ஒரு தடவை நிமிர்ந்து விரலைச் சொடுக்கினார். மேலே அந்தப் படகுக்காரர்கள் ஒவ்வொரு பிரதியிலும் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

"மூடிடாதே தம்பி, ஊது. ஈரமா இருக்கு."