தோட்டா கிடைக்காத காலத்தில் பாயிண்ட் டூ டூ

பாயிண்ட் டூ டூ ரைபிள், அதாவது .22 அங்குலக் குழல் கொண்ட ரைபிள், சுடுகிறவர்களிடம் தோட்டா விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு நிற்காது. நான் சுட ஆரம்பித்த காலத்தில் டீலர் கடைக்குப் போனால் "எத்தனை பாக்ஸ் வேணும் சார்?" என்று கேட்பார். இப்போது "வந்தா சொல்றேன் சார்" என்கிறார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து இந்த விளையாட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் என்னிடம் முதலில் கேட்பதும் தோட்டா கிடைக்குமா, என்ன விலை என்பதைத்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட்டில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கியதிலிருந்து கேள்விகள் கூடிவிட்டன. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் சுடுவது 50 மீட்டர், படுத்த நிலை. ஒரு போட்டிக்குக் கணக்கில் சேரும் தோட்டா 60. அதற்கு முன் 15 நிமிடம் சைட்டர், அதாவது குறியைச் சரிபார்க்கும் தோட்டா, சுடலாம், அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. வரம்பு இல்லை என்பதற்காகச் சுட்டுத் தள்ளினால் பர்ஸ் தாங்காது. ஒரு போட்டிக்கே இவ்வளவு என்றால் வாரப் பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் டீயும் வடையும் சாப்பிடும் காசு ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் போகிறது. வெளிநாட்டு மேட்ச் தோட்டா என்றால் அதற்கும் மேலே.

தட்டுப்பாடு வந்தால் மற்ற தோட்டாவுக்கு இல்லாத ஒரு சிக்கல், பாயிண்ட் டூ டூ மாதிரி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் ரிம்ஃபயர் தோட்டாவுக்கு உண்டு. பெரிய ரைபிள் தோட்டாவில் தீப்பொறி தரும் கேப் தனியாக, அடிப்பாகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். வெளிநாடுகளில் சுட்ட பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, எடுத்து, புதுக் கேப் மாட்டி, மருந்து நிரப்பி மறுபடி சுடுகிறார்கள். பாயிண்ட் டூ டூவில் தனிக் கேப் கிடையாது. வெடி கலவையை ஈரமாகக் கேஸின் அடியில் விட்டு, வேகமாகச் சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவ வைக்கிறார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஒரு தடவை நசுங்கிய விளிம்பு அவ்வளவுதான், பித்தளைக் கடைக்குத்தான் போகும். நம் ஊரில் வீட்டில் தோட்டா தயாரிப்பது உரிமம் இல்லாமல் செய்யக் கூடாத வேலை என்பது வேறு விஷயம். அனுமதியே இருந்தாலும் இதை மறுபடி நிரப்ப வழியில்லை. கடையில் இல்லையென்றால் இல்லைதான்.

இந்த விளிம்பு வேலைக்கென்றே தனி இயந்திரங்கள் வேண்டும். போட்டித் தரத்தில் செய்கிற தொழிற்சாலைகளோ உலகத்திலேயே கொஞ்சம்தான். இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஈலி. ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், அது 2022-ல் பெரெட்டா குழுமத்துக்குக் கைமாறியது. நார்வேயைத் தலைமையிடமாகக் கொண்ட நாம்மோவின் கீழ் லபுவாவும் எஸ்கேவும். 2020-ல் கொரோனா வந்ததும் அமெரிக்காவில் ஜனங்கள் தோட்டாவை அள்ளிக் குவித்தார்கள். அந்த வரிசை கரைவதற்குள் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். தோட்டா மருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ்தான் பீரங்கிக் குண்டுக்கும் வேண்டும், ராணுவம் கேட்டால் விளையாட்டுக்காரன் பின்னால்தான் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு 2022 தொடக்கத்தில் 75 ரூபாய்ப் பக்கம் இருந்த டாலர் 2023 கடைசியில் 83-ஐத் தொட்டது. உள்நாட்டுச் சரக்கு என்றால் புனே கிர்க்கி தொழிற்சாலையின் கேஎஃப். 2021 அக்டோபரிலிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. எங்கள் பயிற்சி பெரும்பாலும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

சரி, வாங்குவது எப்படி என்பதற்கு வருகிறேன். லைசென்ஸில் தோட்டாவுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது ஒன்று, ஒரு வருடத்துக்கு வாங்கக்கூடியது இன்னொன்று. விலை கம்மியாக இருக்கும்போது மொத்தமாக வாங்கிப் பதுக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. டீலர் ஒவ்வொரு முறையும் லைசென்ஸில் பதிந்து, தன் ரெஜிஸ்டரிலும் எழுதுவார். அதனால் நான் வருடக் கணக்கை முன்கூட்டியே பிரித்துவிடுகிறேன்: போட்டிக்கு இவ்வளவு, லாட் (ஒரே சமயத்தில் தயாரான தொகுதி) பார்ப்பதற்கு இவ்வளவு, மிச்சம் பயிற்சிக்கு. பயிற்சிப் பங்கைத்தான் குறைப்பேன். போட்டிப் பங்கைத் தொடுவதே இல்லை.

எங்கள் மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னையோ 300. பெங்களூருவில் சரக்கு வந்திருக்கிறது என்று நண்பன் போன் செய்வான். ஆனால் லைசென்ஸின் எல்லை தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி தாண்டி அதற்கு மதிப்பில்லை. கண்ணெதிரே கடை, கையில் காசு, வாங்க முடியாது. விளையாட்டுக்காக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தியா முழுவதுக்கும் எல்லை கேட்டு விண்ணப்பிக்கலாம். ரைபிள் சங்கத்தின் கடிதம், போட்டிகளில் சுட்ட ஸ்கோர் சான்றிதழ்கள் இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணை எல்லாம் முடிந்து கைக்கு வர நாளானது, ஆனால் வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால் இந்த ஒரு பதிவைத்தான் சொல்வேன். ஓசூர்க்காரர் யாராவது புதிதாக விண்ணப்பம் எழுதினால் முதலிலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

தேர்தலையும் மறக்கக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டது. நமக்கு ஓட்டு ஏப்ரல் 19, முடிவு ஜூன் 4. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், நடத்தை விதி முடியும்வரை அது ஒப்படைத்த இடத்தில்தான். ரைபிள் சங்க உறுப்பினர், போட்டி இருக்கிறது என்றால் விலக்கு கேட்கலாம், அதற்கான குழு முடிவு செய்யும். அந்தச் சமயத்தில் எனக்குப் போட்டி எதுவும் இல்லாததால் நான் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை, அந்த வகையில் லாபம்தான்.

அந்த இடைவெளியில்தான் ஏர் ரைபிளை ஒழுங்காகக் கையிலெடுத்தேன். பாயிண்ட் 177 குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஐம்பது தோட்டா வாங்கும் காசுக்குச் ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு, அதாவது பெல்லட், சுமாரானது ஐந்நூறு வந்துவிடும். சந்தூர்ப் பக்கம் மச்சானுக்கு மாங்காய் ஷெட் இருக்கிறது. சீசனில் பெங்களூரா மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போக மலை மாதிரி குவிந்து கிடக்கும், உள்ளே கால் வைக்க இடமிருக்காது. ஜூலை தாண்டினால் காலி. நீளவாக்கில் 10 மீட்டர் அளந்து, பின்னால் மணல் மூட்டை அடுக்கி, அதற்கு முன்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி வைத்தோம். பக்கவாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்வேன், கூலி ஆட்களின் பிள்ளைகள் எந்த நேரமும் ஓடி வரும்.

ஏர் ரைபிள் நின்று சுடுவது, நான் போட்டியில் சுடுவது படுத்து. இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றில்லைதான். ஆனால் 10 மீட்டரில் இலக்கின் நடுவில் இருக்கும் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பெல்லட் குழலை விட்டு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரமும் அதிகம், அதுவரை உடம்பு அசையாமல் இருக்க வேண்டும். விசையை இழுக்கும் விரலில் என்ன தப்பு இருக்கிறது என்பதை அந்தப் பெல்லட் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அதைத் தோட்டா செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் தோட்டா இல்லாமல் வெறும் விசை அழுத்திப் பழகுவதும் உண்டு. ரிம்ஃபயரில் இதை வெறும் குழலில் செய்யக் கூடாது, ஊசி நேராகக் குழலின் பின்பக்கம், தோட்டா நுழையும் வாயின் விளிம்பில் இடித்து இரண்டையும் கெடுக்கும். மருந்தில்லாத டம்மி தோட்டா போட வேண்டும். டம்மி இல்லாதபோது சுட்ட கேஸையே உள்ளே வைத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் திருப்பிவிட்டு, நசுங்காத விளிம்பு ஊசிக்குக் கீழே வருமாறு செய்வேன். ஒரு கேஸ் பூ மாதிரி சுற்றிலும் நசுங்கியதும் வேறு கேஸ். உண்மையான தோட்டா அப்போது அந்த அறையிலேயே இருக்காது.

இனி லாட் விஷயம். பாக்ஸின் மீது லாட் எண் அச்சிட்டிருக்கும். ஒரே பிராண்டு, ஒரே விலை, ஆனால் ஒரு லாட் என் குழலில் கச்சிதமாகப் போகும், அடுத்த லாட் சிதறும். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஈயத் தலை 5.6. இந்த அளவில் கொஞ்சம் சிதறினாலும் ஒன்பதுதான். தட்டுப்பாட்டில் ஆளுக்கு ஆள் கிடைத்த பாக்ஸை வாங்கி வந்து, இன்று ஒரு லாட், நாளைக்கு வேறு லாட் என்று சுட்டால், குறி தவறியது நீங்களா தோட்டாவா என்று கடைசிவரை தெரியாது. பிராண்டு மாறினால் மேல் பூசியிருக்கும் மெழுகும் மாறும், குழல் புதியதற்குப் பழகவே பல தோட்டா போகும். அதுவும் காசுதான்.

நாங்கள் மூன்று நண்பர்கள். சரக்கு வந்தால் ஒருவர் ஒரு பாக்ஸ் வாங்கி வருவார். ரேஞ்சில் மணல் மூட்டையில் ரைபிளை அசையாமல் அமர்த்தி, பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை வெர்னியரால் அளப்பார். நன்றாக இருந்தால் அந்த எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் அதே எண்ணைக் கேட்டு வாங்குவோம். இதில் ஒன்று முக்கியம்: அவரவர் லைசென்ஸில் அவரவர் வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் வாங்கி மூன்று பேர் பிரித்துக்கொள்வது சட்டப்படி குற்றம். நட்புக்காக நான்கு தோட்டா கைமாற்றுவதும் அதே கணக்குத்தான். நண்பருக்குப் பிடித்த லாட் எனக்குப் பிடிக்காமலும் போகலாம், குழலுக்குக் குழல் வேறு. ஆனாலும் தேடும் வட்டம் சுருங்குகிறது.

எங்கள் பக்கத்தில் கணக்கு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்காடுகளில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீஸ் தேடிக்கொண்டே இருக்கும். கணக்கில் வராத ஒரு தோட்டா பையின் மூலையில் கிடந்தால்கூட விளக்கம் சொல்ல நேரும். சுட்ட கேஸ்களை எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். வெடிக்காத தோட்டா வந்தால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு எடுத்து, தனி டப்பாவில் போட்டு அதையும் எழுதுவேன். பெரிய மாமா ஒரு நாள் கேட்டார், "ஏன் மாப்ளே, இவ்ளோ காசு போட்டு பேப்பர்ல ஓட்டை போடறியே, ராத்திரில நம்ம கேப்பக் காட்டுப் பக்கம் வந்து பன்னியாவது வெரட்டக் கூடாதா?" "மாமா, பன்னி பக்கம் திருப்பினா லைசென்ஸும் போயிடும், நானும் உள்ள போயிடுவேன்" என்றேன். அவருக்கு இன்றுவரை அது ஒரு சாக்காகத்தான் தெரிகிறது.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. தோட்டாவைக் காரில் விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை. ஏப்ரல் மாதம் பூட்டிய காருக்குள் மெழுகு இளகிவிடும், அருமையாகத் தேடி வாங்கிய லாட் குணம் மாறிவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, ரைபிள் வாங்குவதற்கு முன் தோட்டாவை விசாரியுங்கள் என்பதுதான். பக்கத்தில் எந்த டீலர், எந்த பிராண்டு தொடர்ந்து வருகிறது, கிளப் வழியாக என்ன கிடைக்கும் என்று கேட்ட பிறகு ரைபிளுக்குப் போகலாம். அதுவரை ஏர் ரைபிள். மற்றபடி, விலைப்பட்டியல் அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்க வேண்டாம். நான் எழுதி அனுப்புவதற்குள் டீலர் வேறு விலை சொல்லியிருப்பார்.