வேப்பிலைச் சாறும் வெள்ளியும்

வெள்ளி நைட்ரேட் கரைசலில் வேப்பிலை கொதித்த சாற்றை ஊற்றினால் கலவை மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். வெள்ளி நானோ துகள்கள் (கண்ணுக்குத் தெரியாத மிகமிகச் சிறிய வெள்ளித் துணுக்குகள்) உருவாவதற்கான முதல் அடையாளம் அது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-லேயே இதைச் செய்து காட்டினார்கள். இலையிலுள்ள சேர்மங்களே வெள்ளி அயனிக்கு (மின்னூட்டமுள்ள வெள்ளி அணுவுக்கு) எலக்ட்ரான் கொடுத்து அதை உலோகமாக மாற்றுகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அதே சேர்மங்கள் அவற்றைப் போர்த்தியும் விடுகின்றன. இந்த வேலைக்குச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற கடுமையான வேதிப்பொருள் வேண்டாம். இந்தத் துகள்கள் கிருமிகளையும் கொல்லும்: துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும்.

அப்புறம் மற்ற ஆய்வாளர்கள் துளசி, கற்றாழை என்று ஆளுக்கொரு செடியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சலிப்புதான். பருவத்துக்குப் பருவம் இலையின் சாறு மாறும், துகளின் அளவும் மாறும். அதை ஒரே சீராக்குவதில்தான் நிஜமான வேலை இருக்கிறது.

மூலிகைதானே என்று யாரும் குடித்துவிடாதீர்கள். வெள்ளி உடலில் சேர்ந்தால் தோல் நீலச்சாம்பல் நிறமாகிவிடும்.