பூட்டிய வீட்டுக்கும் கட்டணம்

மதுரையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு மின்கட்டணம் எதுவும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கணக்கெடுக்க வருபவர் இ.பி. கார்டில் சுழியத்தை எழுதிவிட்டுப் போவார். லண்டனில் கிழக்கு ஹாம் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டிலும் 2024 கோடை விடுமுறையில் 41 நாட்கள் யாரும் இல்லை. அடுப்பு எரியவில்லை, குழாயில் வெந்நீர் ஓடவில்லை. ஊரிலிருந்து திரும்பிய இரவு, தேநீர் போடலாம் என்று அடுப்பைத் திருகினால் எரிவாயு வரவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய், முன்பணம் செலுத்தும் அட்டையில் 10 பவுண்டு ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருகினேன். திரையில் வந்து நின்ற எண் பத்து பென்ஸ். புறப்படும்போது அதில் இரண்டு பவுண்டு சொச்சம் விட்டுச் சென்றிருந்தேன். அதையும் தின்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 பென்ஸ் வீதம் எங்கள் பெயரில் கடனும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது அந்தச் சிறிய பெட்டி. இதற்கு ஸ்டாண்டிங் சார்ஜ் என்று பெயர். இணைப்பு சுவரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கப்படும் தொகை அது. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, “ஆள் இல்லாத வீட்டுல யாருடி சமைச்சா?” என்றுதான் கேட்டார்.

லண்டன் செலவைப் பற்றி ஊரில் விசாரிப்பவர்கள் பால் என்ன விலை, அரிசி என்ன விலை என்றே கேட்கிறார்கள். அலமாரியில் விலை ஒட்டி வைத்திருக்கும் எந்தப் பொருளும் இந்த மூன்று ஆண்டுகளில் எங்களைக் கவிழ்த்ததில்லை. கட்டுப்படியாகாவிட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம். வைத்துவிட்டு வர முடியாத கட்டணங்கள்தான் எங்கள் சம்பளத்தைத் தின்றன.

நாங்கள் வந்து இறங்கியது 2022 செப்டம்பரின் கடைசி வாரம். அந்த நாட்களில்தான் அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் அறிவித்த வரிக்குறைப்புகளால் டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு வரலாறு காணாத அளவுக்குச் சரிந்து, வீட்டுக்கடன் வட்டி மளமளவென்று ஏறியது. வாடகைக்கு வரும் எங்களுக்கு அதில் என்ன என்று நினைத்தோம். வீட்டுக்காரரின் வட்டி ஏறினால் குடியிருப்பவரின் வாடகையும் ஏறும் என்பது விளங்க அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் வரை ஆயிற்று. அக்டோபரில் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டது; மறு மார்ச்சில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் மட்டும் 19 விழுக்காட்டைத் தாண்டியது.

முதல் இரண்டு மாதங்கள் மேனர் பார்க்கில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் அறை வாடகையிலேயே அடங்கியிருந்ததால், இந்த நகரத்தின் உண்மையான கணக்கு எங்கள் கண்ணில் படவே இல்லை. தனி வீடு தேடத் தொடங்கியதும்தான் பட்டது. விளம்பரத்தில் வாரம் 300 பவுண்டு என்றிருந்தது. மதுரையில் தணிக்கையாளர் அலுவலகமொன்றில் எட்டு ஆண்டுகள் கணக்குப் பார்த்த நானே, அதை நான்கால் பெருக்கி மாதம் 1,200 என்று எழுதி வைத்தேன். ஆண்டுக்கு 52 வாரங்கள். 300-ஐ 52-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 1,300 வருகிறது. வாரக் கணக்கில் விலை சொல்வதன் சூட்சுமம் அந்த நூறு பவுண்டில் இருக்கிறது.

வீட்டைக் காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய முன்பணம் (டெபாசிட்) ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-இல் சட்டம் வந்திருப்பதால் அது 1,500-இல் நின்றது. ஆனால் இந்நாட்டில் எங்களுக்குக் கடன் வரலாறு இல்லை, ஜாமீன் நிற்க ஆளும் இல்லை. அப்படியானால் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டுங்கள் என்றார் முகவர். 7,800-உம் 1,500-உம் சேர்த்து 9,300 பவுண்டு. என் நகைகளில் பாதி மதுரையில் வங்கிக்குப் போயின. வேலைக்கு வந்த நாட்டில் குடியேறுவதற்கு ஊரில் நகைக்கடன் வாங்க வேண்டியிருந்ததை இன்றுவரை மாமனாரிடம் சொல்லவில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு: முன்பணத்தை வீட்டுக்காரர் தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது; 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டுச் சான்று தர வேண்டும். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற நடையாய் நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

புது வீட்டில் மின்சாரத்துக்கு நெகிழிச் சாவி, எரிவாயுவுக்கு அட்டை என்று இரண்டு முன்பண மீட்டர்கள். முந்தைய குடித்தனக்காரர் விட்டுச் சென்ற சாவியையே முகவர் எங்களிடம் கொடுத்தார். நானும் கடையில் பணம் ஏற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம், பழக்கதோஷத்தால் கடை ரசீதுகளை ஒரு பக்கமும் திரையில் ஏறிய தொகையை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சில பவுண்டுகள் குறைந்தன. முன்பு இருந்தவர் விட்டுப்போன பாக்கியை, நாங்கள் ஏற்றும் பணத்திலிருந்து மீட்டர் வாரம் தவறாமல் கழித்துக்கொண்டிருந்தது. மின்சார நிறுவனத்தை அழைத்து, குடிவந்த தேதியைச் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தை அனுப்பி, எங்கள் பெயரில் புதுச் சாவி வாங்கியபின் பணம் திரும்பக் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு தவணைகளில் 400 பவுண்டு மின்கட்டணத் தள்ளுபடி தந்தது. எங்களுடையது போன்ற பழைய முன்பண மீட்டர் வீடுகளுக்கு அது அஞ்சலில் சீட்டாக வந்தது. எங்கள் முதல் சீட்டும் போனவர் பெயரிலேயே வந்தது. புது வீட்டில் காலடி வைத்த நாளே மீட்டர் எண்ணைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள் என்று இப்போது புதிதாக வரும் எல்லாரிடமும் சொல்கிறேன். பால் காய்ச்சுவதைக்கூட அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்கப் போய்ச் செலவை இழுத்துக்கொண்ட கதையும் உண்டு. மேனர் பார்க் அக்கா முதல் வாரமே, “தங்கச்சி, ஹீற்றரைப் போட்டிட்டு யன்னலைத் திறக்காதையுங்கோ, காசு வெளியாலை போகுது” என்று சொல்லித் தந்திருந்தார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஹீட்டரையும் போடாமல், சன்னலையும் திறக்காமல், ஈரத்துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, சோறு வடித்த ஆவியையும் வெளியேவிடாமல் ஒரு குளிர்காலத்தை ஓட்டினேன். பிப்ரவரியில் துணி அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினால், அதன் பின்பக்கம் முழுவதும் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சை. கல்யாணப் பட்டு இருந்த அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நமுத்துப்போயிருந்தது. ஈரத்தை உறிஞ்சும் கருவி வாங்கிய காசில் அந்த மாதம் முழுக்க ஹீட்டரை ஓட்டியிருக்கலாம். காலையில் பத்து நிமிடம் சன்னலைத் திறந்துவிட்டு, பிறகு மூடி, மிதமான சூட்டில் சில மணி நேரம் ஹீட்டரை விடுவதே மலிவு என்று இரண்டாம் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டோம்.

நம்மூர் மாநகராட்சி வீட்டுவரி போன்ற கவுன்சில் வரி இன்னொரு வேடிக்கை. ஒரு வீட்டுக்கு எந்தப் பிரிவில் வரி என்பதை, அந்த வீடு 1991 ஏப்ரலில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே இங்கிலாந்தில் இன்றும் முடிவு செய்கிறார்கள். வீடு யாருடையதாக இருந்தாலும், குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். ஏப்ரலில் தொடங்கிப் பத்துத் தவணைகள்; பிப்ரவரியும் மார்ச்சும் ஓய்வு. தனியாக வசிப்பவருக்குக் கால்பங்கு தள்ளுபடி, முழுநேர மாணவர்களுக்கு விலக்கு. எங்களைப் போலப் பெரியவர்கள் இருவர் இருந்தால் முழுத்தொகை. எங்கள் பகுதியின் நியூஹாம் கவுன்சில் 2025 ஏப்ரலில் அரசின் தனி அனுமதி பெற்று அதை 8.99 விழுக்காடு உயர்த்தியது.

இதே கவுன்சில்தான் 2009 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதிய உணவை இலவசமாகத் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் மேயர் அதை நகரம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரித்துவிட்டார். மதிய உணவுத் திட்டத்தோடு வளர்ந்த தமிழ்நாட்டுக்காரிக்கு இது புதுமையாகப் படவில்லை. ஆனால் விசாவில் அரசு உதவிகள் எதற்கும் உரிமையில்லை என்று அச்சிட்டு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு, மகனின் தட்டில் கேள்வி கேட்காமல் விழும் அந்தச் சோறு எவ்வளவு பெரிது என்பதை மாதக் கடைசியில் உணர்கிறேன்.

அலுவலகம் ஸ்ட்ராட்ஃபோர்டில் என்பதால் நான் பேருந்தில் போகிறேன். 2025-இல் ஒரு முறைக்கு 1.75 பவுண்டு; முதல் முறை அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் மறுகட்டணம் இல்லை. மாலையில் கிரீன் தெருவில் இறங்கி, குயின்ஸ் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, மணி முடிவதற்குள் அடுத்த பேருந்தைப் பிடித்துவிடுவேன். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் சந்தை. எஃகுக் கிண்ணங்களில் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் குவித்து வைத்து, ஒரு கிண்ணம் ஒரு பவுண்டு என்று கூவுவார்கள். பையை நீட்டினால் கிண்ணத்தை அப்படியே கவிழ்ப்பார்கள். அடியில் இரண்டு சொத்தை கட்டாயம் இருக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் தனிக்காசு. ஊரில் கொசுறாக வரும் அதை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கும்போது, ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காமல் இருக்க என்னால் இன்னும் முடியவில்லை.

எங்கள் விசா 2025 செப்டம்பரில் முடிகிறது. அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு முன்கூட்டியே வாங்கும் மருத்துவக் கூடுதல் கட்டணமாக, 2022-இல் மூன்று ஆண்டுக்குப் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 624, மகனுக்கு 470 என்று மொத்தம் 5,154 பவுண்டு கட்டினோம். 2024 பிப்ரவரியில் அது 1,035-ஆகவும் 776-ஆகவும் ஏறிவிட்டது. இப்போது இரண்டே ஆண்டுகளுக்கு நீட்டித்தாலும் 5,692 ஆகிறது. விண்ணப்பக் கட்டணம் இதில் சேரவில்லை. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் காப்பீடும் அதே மருத்துவமனைகளுக்குத்தான் போகின்றன என்று என் கணவர் மாதந்தோறும் ஒருமுறை முணுமுணுப்பார். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். கவுன்சில் வரி இல்லாத பிப்ரவரி, மார்ச் தவணைகள் அதில் போயின. கோடை விமானச் சீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பணமும் சென்ற வாரம் அதில் போய்விட்டது. ஆகையால் இந்த ஆகஸ்டில் வீடு பூட்டியிருக்காது.