மிட்டிகேட் என்றால் ‘தணி’. சரி, அப்புறம்?

வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஜிஆர்ஈ, ஐஈஎல்டிஎஸ் தேர்வுகளுக்குப் படிப்பவர்களின் நோட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒற்றைச் சொல். மிட்டிகேட் – தணி. அலீவியேட் – தணி. அலே – தணி. பிளகேட் – தணி. அப்பீஸ் – தணி. பக்கம் நிறைந்துவிடும். கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைகொடுக்காது.

தமிழ்ச் சொல் மேல் பழி இல்லை. நம்மிடம் தாகமும் தணியும், கோபமும் தணியும், காய்ச்சலும் தணியும். ஆங்கிலம் அப்படியில்லை, எது தணிகிறது என்று பார்த்து வினைச்சொல்லை மாற்றும். தாகத்துக்கு குவென்ச். வலிக்கும் வறுமைக்கும் அலீவியேட்: மூலகாரணம் அப்படியே இருக்கலாம், அவஸ்தை குறைந்தால் போதும். பயம், சந்தேகம் என்றால் அலே. குற்ற உணர்ச்சிக்கும் துக்கத்துக்கும் அஸ்வேஜ். பிளகேட்டுக்குப் பின்னால் ஆள் வர வேண்டும். கோபமாக நிற்கும் வாடிக்கையாளரை பிளகேட் பண்ணலாம், தலைவலியைப் பண்ண முடியாது. அப்பீஸும் பெரும்பாலும் ஆளுக்கோ நாட்டுக்கோதான், ஆனால் கேட்டதைக் கொடுத்து வாயை அடைக்கிற வாடை அதில் அடிக்கும். 1938இல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் கொள்கைக்கு அப்பீஸ்மென்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன்பிறகு அரசியல் பேச்சில் அந்தச் சொல் கிட்டத்தட்ட வசவு.

மிட்டிகேட்டின் இடம் பாதிப்பு, அபாயம், சேதம். கூடவே ஒரு பொறி: ‘மிட்டிகேட் அகென்ஸ்ட்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது மிலிட்டேட் அகென்ஸ்ட், ‘எதிராக வேலை செய்வது’ என்று பொருள். ஒலி ஒத்துப்போவதால் வரும் குழப்பம். மிட்டிகேட்டுக்கு அகென்ஸ்ட் தேவையே இல்லை.

ஆக, நோட்டுக்குப் பதில் சொல்லுக்கு ஒரு கார்டு போடுங்கள். அதில் பொருளை மட்டுமல்ல, சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் கூட்டாளிச் சொற்களையும் எழுத வேண்டும். தபால் கார்டு அளவு அட்டை போதும். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள், சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்ட வாக்கியத்தை எழுதுங்கள். பின்பக்கம் சொல், எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம், வழக்கமாகக் கூட வரும் இரண்டு மூன்று பெயர்ச்சொற்கள், பேச்சு வழக்கா எழுத்து வழக்கா என்ற குறிப்பு. தமிழ்ப் பொருளைக் கடைசி வரியில் சின்னதாக எழுதலாம். வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வீண் கெடுபிடி. பொருள் சட்டென்று பிடிபட தாய்மொழிதான் குறுக்கு வழி. ஆனால் அது கடைசி வரியில் இருக்கட்டும்.

உதாரண வாக்கியத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. கார்ருலஸ் என்றால் வளவளவென்று தேவையில்லாததைப் பேசுபவர். ‘ஹி இஸ் எ கார்ருலஸ் மேன்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. கார்ருலஸை எடுத்துவிட்டு டால், ரிச், லேசி என எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். ‘தி கார்ருலஸ் பார்பர் டாக்ட் த்ரூ தி என்டயர் ஹேர்கட்’ என்று எழுதிப் பாருங்கள். சொல்லை மறைத்தாலும் மிச்ச வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்கும். அகராதியிலிருந்து ஒரு வாக்கியம், அதே அமைப்பில் சொந்தமாக ஒன்று. சொந்த வாக்கியத்தில் கூட்டாளிச் சொற்களை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அகராதி என்றால் லேர்னர்ஸ் டிக்‌ஷ்னரி. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கென்றே ஆங்கில ஆசிரியர் ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அதன் வாரிசு. 1978இல் வந்த லாங்மேன் அகராதி விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் அடக்கியது. ஒரு கடினச் சொல்லைப் பார்க்கப் போய் விளக்கத்தில் இன்னும் மூன்றைத் தேடும் தொல்லை இதில் குறைவு.

மேலே சொன்ன ‘தணி’ குடும்பத்தை ஒரே நாளில் படிக்காதீர்கள். ஒத்த பொருளுள்ள புதுச் சொற்களை ஒன்றாகத் திணித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்த வாரம் மிட்டிகேட், அது ஊறியபின் அடுத்த வாரம் அலீவியேட். ஒப்பிடுவது இரண்டும் தனித்தனியாகத் தெரிந்த பிறகு.

எந்தச் சொற்கள்? கட்டுரை எழுதுபவர்களுக்கு ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் (அகாடமிக் வேர்ட் லிஸ்ட்) நல்ல தொடக்கம்: 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுப்புகள். ஜிஆர்ஈ படிப்பவர்கள் பழைய பட்டியல்களில் கவனமாக இருங்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் 2011இலேயே போய்விட்டன. இப்போது வாக்கியத்தில் காலி இடத்தை நிரப்ப வேண்டும். ஒருவகைக் கேள்வியில் ஆறு தேர்வுகளில் ஒரே பொருள் தரும் இரண்டைப் பிடிக்க வேண்டும். ஒற்றைச் சொல் மனப்பாடம் அங்கேதான் காலை வாரும்.

நாளுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். புதுச் சொல் எளிது, பழசைத் திருப்பிப் பார்ப்பதுதான் நேரத்தை விழுங்கும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய பெட்டி முறை இன்றும் போதுமானது. மூன்று டப்பா: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன கார்டு அடுத்த டப்பாவுக்கு. தவறினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கே. ஆன்கி செயலி இதைத் தானாகக் கணக்குப் போடும், ஆனால் அடுத்தவர் செய்த தயார் கார்டுக் கட்டை இறக்கிக்கொண்டால் பாதி வேலை வீண். வாக்கியம் அமைக்கும்போதுதான் சொல் மனதில் ஒட்டுகிறது. நாலு நாள் விட்டு இருநூறு கார்டு குவிந்துவிட்டதா? ஒரு வாரத்துக்குப் புதுச் சொல்லை நிறுத்துங்கள்.

கார்டின் மூலையில் உச்சரிப்பும் வேண்டும். எந்த அசையில் அழுத்தம் என்று அடிக்கோடிடுங்கள்: மிட்டிகேட்டில் முதல் அசை, அலீவியேட்டில் இரண்டாவது. எழுத்தைப் பார்த்து ‘எபிடோம்’, ‘ஹைபர்போல்’ என்றே வாசித்துப் பழகியவருக்கு, லிசனிங் தேர்வில் ‘இப்பிட்டமி’, ‘ஹைபர்பலி’ என்று காதில் விழும்போது அது தன் நோட்டிலேயே இருக்கும் சொல் என்று உறைக்காது.