கால் கட்டைவிரல் ஓரத்தில் புடைக்கும் எலும்பு

டாக்டர்கள் இதை 'பனியன்' என்பார்கள் (உடுத்தும் பனியன் அல்ல!). புதிதாக எலும்பு வளர்வதில்லை. கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய, அதன் அடி எலும்பு வெளியே தள்ளி நிற்கிறது. அதனால் ஜெல் மெத்தை, இரவில் மாட்டும் பட்டை எதுவும் விரலை நிரந்தரமாக நேராக்காது, வலியைத்தான் குறைக்கும்.

முதல் மருந்து செருப்புதான். வெள்ளைத்தாளில் நின்று பாதத்தை வரைந்து, அதன்மேல் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது வாங்குங்கள். மெத்தைப் பட்டையைப் புடைப்பின் மேலேயே ஒட்டினால் அழுத்தம் கூடும். நடுவில் ஓட்டை போட்டு, புடைப்பைச் சுற்றி ஒட்டுங்கள். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும், படுத்து எடுத்தால் விரல் சாய்ந்த கோணத்தைக் குறைத்துக் காட்டும். 15 டிகிரிக்கு மேல் சாய்வு இருந்தால் பனியன். 40ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் ஆபரேஷனை முடிவுசெய்வது வலி, கோணமல்ல. அழகுக்காகச் செய்யாதீர்கள். புடைப்பை மட்டும் சீவினால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எலும்பை வெட்டி நகர்த்தி, ஸ்க்ரூ போடுவதே வழக்கம். ஏறக்குறைய 6 வாரம் தனிச் செருப்பு, வீக்கம் வடிய சில மாதங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் புண் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.