ஒரே ஒருவருக்கு ஒரு விளம்பர மெயில்

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஊதுபத்தியும் கைவினைக் காகிதமும் விற்கிற நண்பரின் கடைக்கு மெயில்சிம்ப்பில் (பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மொத்தமாக மெயில் அனுப்பும் இணையச் சேவை) விளம்பர மெயில் அனுப்புவது என் வேலை. பொங்கல் தள்ளுபடி மெயில் எல்லாருக்கும் போன பிறகு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் போட்டு "எனக்கு மட்டும் வரலையே சார்" என்கிறார். இவருக்காக மொத்தப் பட்டியலுக்கும் மறுபடி அனுப்ப முடியுமா என்ன?

உடனே தோன்றுவது டெஸ்ட் மெயில், அதாவது அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு முகவரிக்குப் போடும் மாதிரி மெயில். வேண்டாம். பார்க்க அதே மாதிரி போய்ச் சேரும், ஆனால் பெயர் வர வேண்டிய இடத்தில் அவர் பெயர் வராது, சந்தாவை நிறுத்தும் இணைப்பும் வேலை செய்யாது. உங்களுக்கு வந்த பிரதியை ஃபார்வர்டு செய்வது இன்னும் மோசம்: அதிலுள்ள நிறுத்தும் இணைப்பை அவர் அழுத்தினால் பட்டியலிலிருந்து போவது நீங்கள்!

அனுப்பிய மெயிலை நகலெடுத்து, பெறுநர் பகுதியில் அவர் முகவரிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு செக்மென்ட் (பட்டியலில் சிலரை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டி) போட்டு அனுப்புங்கள், அவ்வளவுதான். அதற்கு முன் பெறுநர் எண்ணிக்கை 1 என்று காட்டுகிறதா பாருங்கள். பூஜ்யம் என்றால் அவர் எப்போதோ சந்தாவை நிறுத்தியிருக்கலாம், அல்லது அவர் முகவரிக்குப் போன மெயில் சேராமல் திரும்பி (பவுன்ஸ்) வந்திருக்கலாம். நிறுத்தியவரை நாமாகச் சேர்க்கக் கூடாது, சந்தாப் படிவத்தை அவரே நிரப்பட்டும். (1978இல் கேரி துர்க் என்ற கணினி விற்பனைக்காரர், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பரம் அனுப்பியபோது இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, திட்டு மட்டும்தான்.)

"ஒருத்தர்தானே, விலையைப் போன்லயே சொல்லிடேன்" என்றார் நண்பர். சொல்லலாம், ஆனால் தள்ளுபடிக்கான இணைப்பு மெயிலில்தானே இருக்கிறது.