புதிதாகச் சேர்பவர்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸில் டாஷ்போர்டு அமைத்த அனுபவம்

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸில் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) டாஷ்போர்டு, அதாவது முக்கிய விவரங்களை ஒரே திரையில் காட்டும் பக்கம், தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். ஒவ்வொரு டாஷ்போர்டும் யாரோ ஒருவருடைய உரிமையில்தான் ஓடும்; அவரால் பார்க்க முடிகிற பதிவுகளே அதில் தெரியும். இது யார் பெயரில் ஓடியதோ அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவருடைய லாகினும் முடக்கப்பட்டிருந்தது.

யாராகப் பார்ப்பது என்பதற்கு அமைப்பில் மூன்று வழிகள் உண்டு: நானாக, இன்னொருவராக, அல்லது திறப்பவர் யாரோ அவராகவே. மேலாளர் பெயரைப் போட்டால் வேலை உடனே முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேற்று சேர்ந்தவருக்குக்கூட மொத்தக் குழுவின் தொகைகளும் தெரிந்துவிடும். அதனால் மூன்றாவது வழியை எடுத்தேன். இதை டைனமிக் டாஷ்போர்டு என்பார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் எண்டர்பிரைஸ் பதிப்பில் மொத்தமே 5 தான் வைத்துக்கொள்ள முடியும், ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன். தானாகப் புதுப்பிக்க இதற்கு நேரம் குறித்து வைக்க முடியாது. ரிஃப்ரெஷ் பொத்தானை அவரவரே அழுத்த வேண்டும். பயிற்சியின்போது இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

டாஷ்போர்டு இருக்கும் ஃபோல்டரை ஆள் பெயரில் பகிராமல் ரோலுக்கு, அதாவது பொறுப்பு நிலைக்குப் பகிர்ந்தேன். டாஷ்போர்டுக்குத் தரவு தரும் ரிப்போர்ட்டுகளின் ஃபோல்டரையும் சேர்த்துப் பகிர வேண்டும். இல்லையென்றால் படம் தெரியும், உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அட்மினாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். புதியவருக்கு உருவாக்கிய லாகினில் நுழைந்து பார்த்தேன். எல்லாக் கட்டங்களும் காலி. ரிப்போர்ட்டுகள் எல்லாம் ‘என்னுடைய வாய்ப்புகள்’ (நடக்கக்கூடிய விற்பனைகள்) என்று வடிகட்டப்பட்டவை. அவர் பெயரில் இன்னும் ஒரு பதிவுகூட இல்லையே! விற்பனை இலக்கைக் காட்டும் கேஜ் (முள் வைத்த அளவுமானி) மட்டும் காலியாக இல்லை, முள் பூஜ்யத்தில், சிவப்புப் பகுதியில் நின்றது. வேலையே தொடங்காதவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுவா? அதை எடுத்துவிட்டேன்.

மேலாளரிடம் பேசி, ஆள் சேரும் முன்பே சில வாடிக்கையாளர் கணக்குகளை அவர் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்தோம். டாஷ்போர்டில் மேலே இன்றைக்கு முடிக்க வேண்டிய பணிகள், அதற்குக் கீழே 30 நாட்களாக யாரும் தொடர்பு கொள்ளாத கணக்குகள். யாரை அழைப்பது என்று தேட வேண்டியதில்லை, பட்டியலே சொல்லிவிடும். குழுவின் மொத்தக் கணக்கு வேண்டுமென்றால் தனி டாஷ்போர்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, இதை முகப்புப் பக்கத்தில் வைத்து, விற்பனைக் குழு பயன்படுத்தும் ஆப்புக்கும் விற்பனை ப்ரொஃபைலுக்கும் (பயனர்களின் அனுமதிகளைத் தீர்மானிக்கும் அமைப்பு) ஒதுக்கினேன். லாகின் செய்ததும் இதுதான் வரும், லிங்க் அனுப்ப வேண்டியதில்லை.

அடுத்து சேர்ந்தவர் பட்டியலைத் திறந்ததும் ஒன்றுதான் கேட்டார்: “இந்தக் கணக்கை இதற்கு முன்னால் யார் பார்த்துக்கொண்டார்கள்?” நியாயமான கேள்வி. அதற்கென ஒரு புலம் சேர்த்து, உரிமையாளர் மாறும்போதெல்லாம் முந்தையவர் பெயர் அதில் தானாகப் பதிவாகும்படி ஒரு ஃப்ளோ (தானியங்கி வேலைமுறை) எழுதிவிட்டேன். இப்போது வாடிக்கையாளரை அழைப்பதற்கு முன் அந்த முந்தையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள்.